தூங்கி விழித்தவர்கள்

முசுகுந்தன் என்றதும் திருவாரூர்க்காரர்களுக்குத் தியாகேசரைத் தேவலோகத்திலிருந்து கொண்டுவந்த சக்கரவர்த்தியின் ஞாபகந்தான் வரும். பாகவதம் சொல்லும் முசுகுந்தன் கதை வேறு. தேவர்களுக்காக வெகுகாலம் அசுரர்களோடு போர் புரிந்து அலுத்துப்போன அந்த அரசன், வரமாக எதைக் கேட்டான் தெரியுமா? தூக்கத்தைக் கேட்டான். ஒரு குகையில் போய்ப் படுத்தான். யுகங்கள் சென்றன. கண்ணனைத் துரத்திக்கொண்டு வந்த காலயவனன், அவனை உதைத்து எழுப்பிச் சாம்பலானான். பிறகு முசுகுந்தன் குகையை விட்டு வெளியே வந்து பார்த்தான். மனிதர்கள் சிறுத்துப் போயிருந்தார்கள். மிருகங்கள் சிறுத்திருந்தன. மரம் செடி கொடிகள்கூடச் சிறுத்திருந்தன. கலி வந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்காமல், வடதிசை நோக்கித் தவம் செய்யப் போய்விட்டான்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த முசுகுந்தனிடம் தனிப் பிரியம் உண்டு. வருங்காலத்துக்குப் போக அவன் பிடித்த வாகனம் மிகவும் சிக்கனமானது. இயந்திரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தலையணைகூட அவசியமில்லை. ஆனால் அவன் போய்ச் சேர்ந்த வருங்காலத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. காலம் என்பது மலையிலிருந்து இறங்கும் வெள்ளம், போகப் போகக் கலங்கலாகத்தான் இருக்கும் என்பது பழைய நம்பிக்கை. நம் நாட்டில் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் பொற்காலம் என்றால் முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான். நல்ல சமுதாயம் ஒன்றைக் கற்பனை செய்ய விரும்பிய ஆசிரியர்கள் அதை நாளைக்கு என்று வைக்கவில்லை. கடலுக்கு அப்பால் வைத்தார்கள். 1516-ல் தாமஸ் மோர் எழுதிய 'உட்டோப்பியா' ஒரு தீவு. அங்கே போகக் கப்பல் வேண்டும், காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தத் தீவைக் கடலிலிருந்து பெயர்த்துக் காலத்தில் கொண்டுபோய் நட்டவர் என்று லூயி செபாஸ்தியான் மெர்சியே என்ற பிரெஞ்சுக்காரரைச் சொல்லலாம். அவருக்கு முன்னால் ஒருவர் இருவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது மெர்சியேயின் '2440-ஆம் ஆண்டு' என்ற புத்தகத்தைத்தான். 1771-ல் ஆசிரியர் பெயர் இல்லாமலே அது வெளிவந்தது. கதாநாயகன் பாரிஸ் நகரத்தின் சீர்கேடுகளைப் பற்றி ஒரு நண்பருடன் பேசிவிட்டுப் படுக்கிறான். விழிக்கும்போது அவனுக்கு வயது எழுநூறு. தெருக்கள் சுத்தமாயிருக்கின்றன. அரசர் சாமானியரைப்போல் தெருவில் நடந்து போகிறார். பாஸ்டில் சிறை இருந்த இடத்தில் சிறை இல்லை. ஒரு சதுக்கத்தில் கறுப்பு மனிதன் ஒருவனுடைய சிலை நிற்கிறது. அடிமைத்தளையை அறுத்து எறிந்தவன் என்று அவனை மக்கள் போற்றுகிறார்கள். கடைசியில் கதாநாயகன் வெர்சேல்ஸ் அரண்மனையைப் பார்க்கப் போகிறான். அங்கே இடிபாடுகள்தாம் மிஞ்சியிருக்கின்றன. நடுவே உட்கார்ந்து அழும் கிழவர் ஒருவர், 'நான்தான் பதினான்காம் லூயி' என்கிறார். அந்தச் சமயம் பார்த்து ஒரு பாம்பு கடிக்கிறது, கனவு கலைகிறது.

புத்தகத்துக்குப் பிரான்சில் தடை. தடை விதித்த புத்தகத்துக்கு என்ன கதி ஏற்படும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாம். கள்ளத்தனமாக விற்ற நூல்களில் முன்வரிசையில் நின்றது அது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1789-ல், பாஸ்டில் உண்மையாகவே விழுந்தது. மெர்சியேக்குப் பெருமை பிடிபடவில்லை. புரட்சியை முன்கூட்டிச் சொன்ன தீர்க்கதரிசி தாமே என்று பின்னால் சொல்லிக்கொண்டார். ஆனால் இடையில் ஒன்று நடந்தது. அந்தப் புரட்சியே பயங்கர ஆட்சியாக மாறி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது. ரோபெஸ்பியேர் விழுந்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். ஒரு சிறை இடியும் என்று கண்டவருக்குத் தம்மை அடைக்கப்போகும் மற்றொரு சிறை கண்ணில் படவில்லை. ஏழு நூற்றாண்டு தூரம் பார்த்தவர் இருபத்திரண்டு ஆண்டு தூரத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

இருந்தாலும் அவர் காட்டிய வழி நிலைத்துவிட்டது. வருங்காலம் என்பது வந்து சேரும் விதி என்ற நிலை போய், மனிதர்கள் கட்டிக்கொள்ளும் வீடு என்று ஆயிற்று. வீடு என்று ஆனபிறகு, வரைபடத்தைப் பற்றிச் சண்டை வராமல் இருக்குமா?

சண்டையைத் தொடங்கிவைத்தவர் எட்வர்ட் பெல்லமி என்ற அமெரிக்கர். அவருடைய 'பின்னோக்கிப் பார்த்தல்' 1888-ல் வெளிவந்தது. தூக்கம் வராத வியாதிக்காரனான ஜூலியன் வெஸ்ட், பாஸ்டன் நகரில் தன் வீட்டுக்கு அடியில் நிலவறை கட்டிக்கொண்டு, மனோவசிய வைத்தியர் ஒருவரின் உதவியால் 1887 மே மாதம் 30-ந் தேதி தூங்குகிறான். அன்றிரவு வீடு எரிந்துபோகிறது. நிலவறையில் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. அவன் கண் விழிப்பது 2000 செப்டம்பர் 10-ந் தேதி. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள்! கட்டில் ஓரத்தில் டாக்டர் லீட் என்ற கனவான் நிற்கிறார். மீதிப் புத்தகம் முழுவதும் அவர் பேசுகிறார், இவன் கேட்கிறான்.

அவர் சொல்லும் உலகத்தில் முதலாளி இல்லை, கூலி இல்லை, பணம் இல்லை. தேசம் ஒன்றே எல்லாத் தொழிலுக்கும் சொந்தக்காரர். இருபத்தொரு வயது முதல் நாற்பத்தைந்து வயதுவரை எல்லோரும் தொழில் படையில் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு அட்டை. ஆண்டுதோறும் அதில் எல்லோருக்கும் சமமான பற்றுத் தொகை. பண்டசாலையில் சாமான் வாங்கினால் அட்டையில் கழித்துக்கொள்வார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்குச் சங்கீதம் வருகிறது. மழை பெய்தால் நடைபாதை முழுவதற்கும் கூரை வந்து கவிகிறது.

அமெரிக்காவில் அப்போது வேலை நிறுத்தங்களும் துப்பாக்கிச் சூடும் மலிந்திருந்த காலம். இரத்தம் சிந்தாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதும் ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெல்லமியின் திட்டத்தை நடத்திவைப்பதற்கென்றே நூற்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் தோன்றின. ஒரு நாவலைப் படித்துவிட்டுச் சங்கம் அமைப்பது என்றால், நாவலாசிரியர்களுக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேண்டுமா? பெல்லமி அந்தப் பெருமையை நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1898-ல், நாற்பத்தெட்டாவது வயதில், க்ஷயரோகத்தில் காலமானார்.

இப்படிப்பட்ட புத்தகங்களைப் படிக்கும்போது நான் ஒரு சிறிய பரீட்சை வைத்துப் பார்ப்பதுண்டு. வருங்காலத்து மாளிகையின் முன்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்லப் பின்கட்டுக்குப் போய், அடுப்படியில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பெல்லமியின் வீட்டில் அடுப்படி இல்லை. பொதுச் சமையற்கூடமும் பொதுச் சலவைச்சாலையும் இருக்கின்றன. பெண்களும் தொழில் செய்கிறார்கள்; ஆனால் அவர்களுக்குத் தனிப் படை. டாக்டர் லீட்டின் மகள் ஈடித் நல்ல பெண். ஆனால் கதையில் நாம் அவளை அதிகமாகப் பார்ப்பது கடையில் சாமான் வாங்கும்போதுதான். இன்னும் ஒன்று. வேலை செய்யச் சக்தியிருந்தும் விடாப்பிடியாக மறுக்கிறவனுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், சம்மதிக்கும்வரை ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துத் தனிச் சிறையில் வைப்போம் என்கிறார் அந்தச் சாது டாக்டர். சமத்துவ மாளிகையின் பின்கட்டில் ஒரு பூட்டிய அறை இருக்கிறது!

அந்தப் பூட்டு வில்லியம் மாரிஸின் கண்ணில் பட்டது. மாரிஸ் லண்டனில் இருந்த பெரிய கவிஞர், துணியிலும் சுவர்க்காகிதத்திலும் பூவேலை வரைந்த கைவினைஞர், அதோடு தீவிரமான பொதுவுடைமைவாதி. பெல்லமியின் படையில் தம்மைச் சேர்த்தால் மல்லாந்து படுத்துக்கொண்டு உதைப்பேன் என்று சொன்னாராம். 1889-ல் தம் 'காமன்வீல்' பத்திரிகையில் அந்தப் புத்தகத்தைக் கண்டித்து எழுதினார். கண்டித்து எழுதினால் போதுமா? கதைக்குப் பதில் கதைதான். 1890-ல் அதே பத்திரிகையில் 'எங்குமில்லா ஊரின் செய்திகள்' தொடர்கதையாக வரத் தொடங்கியது.

மாரிஸின் கதாநாயகன் கட்சிக் கூட்டத்தில் வாக்குவாதம் செய்துவிட்டு, தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து படுக்கிறான். விழித்து எழுந்து ஆற்றில் குளிக்க இறங்கினால் தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. சால்மன் மீன் பிடிக்க வலை காய்கிறது. தொழிற்சாலைப் புகையைக் காணோம். பார்லிமெண்டுக் கட்டிடத்தில் எரு சேர்த்து வைத்திருக்கிறார்கள். படகோட்டிக்குக் காசு கொடுக்கப் போனால், அது எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. யாரும் யாரையும் வேலைக்கு விரட்டுவதில்லை. வேலையே இன்பமாகிவிட்டதால் அது குறைந்துவிடுமோ என்றுதான் அங்கே கவலைப்படுகிறார்கள்!

படிக்கும்போது நமக்கும் அங்கேயே தங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் பின்கட்டுப் பரீட்சையை மறந்துவிடக் கூடாது. அங்கே போனால் பெண்கள் சிரித்த முகத்தோடு உணவு பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டை நிர்வகிப்பதில் கெட்டிக்காரப் பெண்ணுக்கு எவ்வளவு ஆனந்தம் தெரியுமா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் விளக்கவும் செய்கிறார். விளக்குவது அவர்தான், பெண்களை யாரும் கேட்கவில்லை.

மாரிஸை வெறும் கனவுக்காரர் என்று பலர் ஒதுக்கியதுண்டு. தேம்ஸ் நதியின் சரித்திரத்தைப் பார்த்தால் அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. 1957-ல் லண்டனை ஒட்டிய தேம்ஸில் உயிர்வாழ்வே இல்லை என்று விஞ்ஞானிகள் கையை விரித்தார்கள். பிறகு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலை நடந்தது. 1974-ல் அந்த நதியில் ஒரு சால்மன் மீன் அகப்பட்டது. கனவு தானாகப் பலிக்கவில்லை. யாரோ சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள்.

மூன்றாவதாகத் தூங்கியவன் எச். ஜி. வெல்ஸின் கிரஹாம். 1899-ல் புத்தகமாக வந்த அந்த நாவலில் கிரஹாமும் தூக்கமில்லாமல் தவித்தவன்தான். 1897-ல் அயர்ந்தவன் இருநூற்று மூன்று ஆண்டுகள் கழித்து எழுகிறான். அதற்குள் அவன் பேரில் இருந்த சொத்து வட்டிக்கு வட்டியாகப் பெருகி, பாதி உலகமே அவனுக்குச் சொந்தமாகிவிட்டது! அவன் பேரைச் சொல்லி ஒரு சபை உலகத்தை ஆளுகிறது. தூங்குகிறவரை அவன் கடவுள், எழுந்ததும் இடைஞ்சல். லண்டனுக்குக் கண்ணாடிக் கூரை. கூரைக்கு அடியில் நீலச் சீருடை அணிந்த தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைக்கிறார்கள். செய்தி கத்தும் யந்திரங்கள் வீதியெல்லாம் அலறுகின்றன. புரட்சி வருகிறது, புரட்சித் தலைவனே அடுத்த எஜமானன் ஆகிறான். கிரஹாமுக்குப் பெல்லமியின் நாவல் நினைவுக்கு வருவதாக வெல்ஸ் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். 'உன் டாக்டர் லீட் எங்கே?' என்று கேட்கிற தொனி அது.

வெல்ஸின் தாயார் ஒரு பெரிய மாளிகையில் வீட்டுநிர்வாகியாக ஊழியம் செய்தவர். மாளிகையின் கீழ்க்கட்டு எப்படியிருக்கும் என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் கட்டிய வருங்காலத்தில் மேலே வெளிச்சமும் கீழே உழைப்பும் என்று இரண்டு கட்டுகள் இருக்கின்றன. ஆனால் அவர் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. மக்களை அடக்க ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்புப் போலீஸை வரவழைப்பதாக எழுதி, அவர்களை வெறும் பூச்சாண்டியாகக் காட்டியிருக்கிறார். நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கறுப்பு மனிதனுக்குச் சிலை வைத்த மெர்சியேயை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. காலத்தால் பிந்தியவர் கருத்திலும் முந்திச் செல்வார் என்று சொல்வதற்கில்லை.

இத்தனை பேரும் ஆண்கள் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பெண் தூங்கினால் கனவில் என்ன வரும்? அதற்கு விடை 1905-ல் நம் சென்னையிலேயே அச்சாயிற்று. கமலா சத்தியநாதன் 1901 முதல் ஆங்கிலத்தில் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸீன்' என்ற பத்திரிகையில் 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை வெளிவந்தது. எழுதியவர் ரொகேயா சகாவத் ஹுசேன் என்ற வங்காளத்து முஸ்லிம் பெண்மணி. 1880-ல் பிறந்தவர், கோஷாவில் வளர்ந்தவர். வீட்டார் உறங்கிய பிறகு இரவில் தமையனாரிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டவர். மற்றவர்கள் தூங்கும்போது விழித்திருந்து படித்தவர், தூக்கத்தைப் பற்றி எழுதினார்!

சுல்தானா தன் படுக்கையறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, இந்தியப் பெண்களின் நிலைமையை நினைத்தபடியே கண்ணயர்கிறாள். சாரா என்ற தோழி வந்து வெளியே அழைத்துப் போகிறாள். பட்டப்பகலில், முகத்திரை இல்லாமல்! சுல்தானா கூசிக் கூசி நடக்கிறாள். தெருவில் ஆண்பிள்ளை ஒருவனைக்கூடக் காணோம். எல்லோரும் எங்கே என்று கேட்டால், இருக்க வேண்டிய இடத்தில், அந்தப்புரத்தில், என்று பதில் வருகிறது. அந்த நாட்டில் பெண்களுக்கு இரண்டு சர்வகலாசாலைகள். ஒன்றில் மேகத்திலிருந்து நேராக நீர் எடுக்கும் பலூனைக் கண்டுபிடித்தார்கள். மற்றொன்றில் சூரிய வெப்பத்தைச் சேகரித்து வைக்கும் கருவியைக் கண்டுபிடித்தார்கள். ஆண்கள் அப்போது படைபலத்தைப் பெருக்குவதில் முனைந்திருந்ததால், இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பகைவர் படையெடுத்து வந்தபோது ஆண்கள் தோற்றார்கள். பெண்கள் அந்தச் சூரிய வெப்பத்தைப் பகைவர்மேல் திருப்பினார்கள், யுத்தம் முடிந்தது. அந்தப்புரம் போன ஆண்கள் திரும்பவில்லை.

நம் பின்கட்டுப் பரீட்சையை ரொகேயா தாமே முன்வந்து எழுதிவிட்டார். சாரா தோழியைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறாள். கரி இல்லை, புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை. வெயிலில் சமையல் நடக்கிறது. பெரிய பெரிய ஆசிரியர்கள் அடுப்படியை ஒழித்தார்கள், அல்லது மறந்தார்கள், அல்லது அங்கே ஒரு பெண்ணைச் சிரிக்கவைத்துவிட்டு வெளியே வந்தார்கள். புகையில் கண் எரிந்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் ஒருவர்தான், முதலில் புகையை நீக்க வேண்டும் என்று நினைத்தார். ஆண்களைப் பூட்டிவைப்பது நியாயமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியைக் கேட்கவைப்பதற்காகவே அவர் அந்தக் கதையை எழுதினார். வெளியூர் போயிருந்த கணவர் திரும்பிவந்து, உட்காரக்கூட மறந்து நின்றபடியே அதைப் படித்து, பயங்கரமான பழிவாங்கல் என்று வியந்ததாக ரொகேயாவே பின்னால் சொல்லியிருக்கிறார்.

இதற்குப் பிறகு தூங்கி விழிக்கிறவர்களுக்குக் கெட்ட காலம் பிறந்தது. 1929-ல் ருஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கியின் 'மூட்டைப்பூச்சி' என்ற நாடகம் மேடையேறியது. பிரிசிப்கின் என்பவன் கல்யாண வீட்டில் தீப்பிடித்தபோது அணைக்க ஊற்றிய நீரிலேயே உறைந்துபோய், ஐம்பது ஆண்டு கழித்து, 1979-ல், உருக்கி எழுப்பப்படுகிறான். அவனோடு ஒரு மூட்டைப்பூச்சியும் பிழைத்துக்கொள்கிறது. ஆரோக்கியமும் ஒழுங்கும் நிறைந்த அந்த வருங்காலத்தில் அவனுக்கு வழிகாட்ட எந்த டாக்டர் லீட்டும் வரவில்லை. அவனையும் பூச்சியையும் மிருகக்காட்சிசாலையில் கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் அவன் சபையோரைப் பார்த்து, நீங்களெல்லாம் என் மனிதர்கள் அல்லவா, நான் மட்டும் ஏன் கூண்டில் இருக்கிறேன் என்று கதறுகிறான். அடுத்த ஆண்டே, 1930 ஏப்ரலில், மாயகோவ்ஸ்கி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.

பிறகு வந்த பிரசித்தமான நாவல்களில் தூங்குகிறவனையே காணோம். ஸாமியாதினின் 'நாங்கள்' 1924-ல் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் வெளிவந்தது. அவருடைய சொந்த நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹக்ஸ்லியின் 'துணிவுள்ள புதிய உலகம்' 1932-ல் வந்தது. ஆர்வெலின் '1984' 1949-ல் வந்தது. இவற்றில் வருகிறவர்கள் அந்த உலகத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஹக்ஸ்லி மட்டும் வெளியிலிருந்து ஒருவனைக் கொண்டுவருகிறார், அவன் தூக்குப்போட்டுக்கொள்கிறான். ஆர்வெலின் வின்ஸ்டன், முன்பு உலகம் எப்படியிருந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளப் படாதபாடு படுகிறான். யோசித்துப் பார்த்தால் காரணம் புலப்படுகிறது. தூங்கி விழித்தவன் நேற்றைய உலகத்தின் சாட்சி. 'எங்கள் காலத்தில் இப்படி இல்லையே' என்று அவன் சொல்ல முடியும். கொடுங்கோலர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், பயப்பட. ஆகவே சாட்சி இல்லாத உலகமே மிகவும் பயங்கரமான உலகம் என்று இந்த ஆசிரியர்கள் கண்டுகொண்டார்கள்.

பெல்லமி குறித்த 2000-ஆம் ஆண்டு வந்து போய்விட்டது. மாயகோவ்ஸ்கியின் 1979-ம் ஆர்வெலின் 1984-ம் அதற்கு முன்பே போயின. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பது ஜோசியம் பார்த்தவரிடம் காசைத் திருப்பிக் கேட்பது போன்றது. அட்டை வந்தது, ஆனால் அது எல்லோருக்கும் சமமான பங்கைத் தரவில்லை, கடனைத்தான் தருகிறது. வீட்டுக்குள் சங்கீதம் வந்தது. செய்தி கத்தும் யந்திரமும் கூடவே வந்தது. சூரிய வெப்பத்தைப் பிடிக்கும் பலகைகள் கூரைமேல் ஏறிவிட்டன. கூரைக்குக் கீழே அடுப்படியில் நிற்பவர் பெரும்பாலும் மாறவில்லை.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, இவர்கள் விழித்த பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான். ஜூலியன் வெஸ்ட் ஈடித்தைக் கைப்பிடித்து அங்கேயே தங்கிவிட்டான். கிரஹாம் போரில் விழுந்தான். பிரிசிப்கின் கூண்டில் இருக்கிறான். முசுகுந்தன் தவத்துக்குப் போனான். மாரிஸின் மனிதன் மட்டும், கண்ட காட்சியை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு தன் பழைய படுக்கைக்கே திரும்பினான். சுல்தானாவும் தன் சாய்வு நாற்காலிக்கே திரும்பினாள். கனவில் ஏறிய பறக்கும் வண்டி நழுவியதால் விழித்துக்கொண்டாள்.

சுல்தானா கதையோடு நின்றுவிட்டாள். ரொகேயா நிற்கவில்லை. 1909-ல் கணவர் காலமானார். அந்த ஆண்டே பகல்பூரில் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கே நிலைக்க முடியாமல் 1911-ல் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு சர்வகலாசாலைகளைக் கனவில் கண்டவருக்கு அங்கே கிடைத்த மாணவிகள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் மன்றாடி, ஏச்சும் பேச்சும் கேட்டு, 1932-ல் கண் மூடும்வரை அந்தப் பள்ளியை நடத்தினார். அவர் பெயர் சொல்லும் கனவு எட்டுப் பக்கமோ பத்துப் பக்கமோதான் இருக்கும். பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது.